டிரினிடாட் கார்னிவல்: தடைகளிலிருந்து பிறந்த விழாவா? (விவாத இழை)

பதிவு 1: கரும்பாலை

அனைவருக்கும் வணக்கம். கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவின் கார்னிவலைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இறகு முடி தரித்த ஆட்டக்காரர்களின் படங்களோடு நின்றுவிடுகின்றன. அவ்விழாவின் வரலாற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். படித்ததிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தை இங்கே வைக்கிறேன்; தவறிருந்தால் திருத்துங்கள். அந்த விழாவின் முக்கியமான உறுப்புகள் யாவும் ஏதோ ஒரு தடையைச் சுற்றிக்கொண்டு போவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை என்பதே அக்கருத்து.

தீவு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, குடிமக்கள் போதாமையால், 1783இல் வெளியான ஓர் அரசாணை கத்தோலிக்க நிலக்கிழார்களைக் குடியேற அழைத்தது. அண்டைத் தீவுகளின் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு வந்து சேர்ந்தனர். கூட்டிவரும் ஒவ்வோர் அடிமைக்கும் கூடுதல் நிலம் என்பதும் அந்த ஆணையில் இருந்தது. 1797இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றிய பின்னரும் பிரெஞ்சுக்காரரின் பழக்கவழக்கங்கள் மாறவில்லை. கிறிஸ்துமஸ் முதல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வரை, முகமூடி விருந்துகளிலும் வீடுவீடாகச் சென்று ஆடும் ஆட்டங்களிலும் அவர்கள் பொழுதைக் கழித்தனர். அவ்விருந்துகளில் முதலாளிகளுக்குப் பிடித்த வேடங்களுள் ஒன்று தோட்டத்து அடிமையின் வேடம். கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் சுற்றுவட்டாரத்து அடிமைகளைச் சாட்டையடியோடும் கொம்பொலியோடும் ஓட்டிவந்து, தீப்பந்த வெளிச்சத்தில் இரவோடிரவாக வேலை வாங்குவார்கள். எரியும் கரும்பு என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து அதற்குக் கேன்புலே என்ற பெயர் வந்தது. அதையும் முதலாளிகள் கேளிக்கையாக நடித்துக் காட்டினர்.

1838இல் முழு விடுதலை கிடைத்ததும் அடிமைகளாக இருந்தவர்கள் தெருவுக்கு வந்து, அதே கேன்புலேயைத் தாங்களே நடத்தினர். தங்களைக் கேலி செய்ய முதலாளிகள் போட்ட தோட்டக்காரன் வேடத்தையும் தாங்களே போட்டுக்கொண்டனர். கொடுமை எதுவோ அதையே ஊர்வலமாக்கியவர்களின் மனத்தை எண்ணிப் பாருங்கள். மேட்டுக்குடியினர் முகம் சுளித்து வீட்டுக்குள் ஒதுங்க, விழா முழுவதும் தெருவின் கைக்கு வந்தது.

1880இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர், ஊர்வலத்தினரின் தீப்பந்தங்களையும் முரசுகளையும் கம்புகளையும் பறிமுதல் செய்தார், மக்கள் எதிர்க்கவில்லை. மறு ஆண்டு அவர் மீண்டும் வந்தபோது அவர்கள் ஆயத்தமாக இருந்தனர். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் கம்புக்கும் தடிக்கும் இடையே பெருஞ்சண்டை மூண்டது. ஆளுநர் ஃபிரீலிங் நேரில் வந்து கூட்டத்தாரிடம் பேசி, காவலர்களைப் பாசறைக்குள்ளேயே நிறுத்திவைத்த பிறகுதான் ஊர் அமைதியாயிற்று. ஆயினும் 1884இல் சட்டம் கொண்டுவந்து தீப்பந்த ஊர்வலத்துக்கும், முரசுக்கும், பத்துப் பேருக்கு மேல் கம்போடு கூடுவதற்கும் தடை விதித்தனர். தோல் முரசு போனதால் மூங்கில் வந்தது. மூங்கிலுக்குப் பின் தகரமும் எண்ணெய்ப் பீப்பாயும் வந்தன. இன்று உலகெங்கும் ஒலிக்கும் ஸ்டீல்பேன் (சுருக்கமாகப் பேன்) என்னும் எஃகுக் கருவி அந்தத் தடையின் பேரப்பிள்ளை என்பேன்.

பதிவு 2: பழங்கணக்கு

கரும்பாலை அவர்களுக்கு வணக்கம். 1881ஐப் பற்றிய செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. முடிவுதான் சற்று வேகமாக ஓடுகிறது. 1884க்கும் முதல் எஃகுப் பேன்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி உள்ளது. தடைதான் பேனைப் பெற்றது என்றால், பிள்ளைப்பேற்றுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

டிரினிடாட் எண்ணெய் எடுக்கும் நாடு. பிஸ்கட் டின், பெயின்ட் டின், கழித்துக் கட்டிய வண்டிகளின் இரும்பு உறுப்புகள், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்தளங்கள் வந்த பிறகு எங்கும் கிடந்த 55 கேலன் பீப்பாய்கள் ஆகியவை இல்லாமல் அந்தக் கருவி உருவாகியிருக்காது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் கரும்பு விளைந்த வேறொரு தீவில் வந்திருந்தால் மூங்கிலோடு கதை முடிந்திருக்கலாம். தடை ஒரு கதவை அடைத்தது என்பது சரி. எந்தச் சன்னல் திறக்கும் என்று அது சொல்லவில்லை.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். தெருவின் விழாவை மட்டுமே உண்மையான கார்னிவலாகக் கொண்டால், பிரெஞ்சுக்காரரின் விருந்து மண்டபத்திலிருந்து வந்த நளினமான உடை, அரசன் அரசி வேடம், குழுவுக்கு ஒரு கதைப்பொருள் என்ற வழக்கங்களை எங்கே வைப்பீர்கள்? அவை எந்தத் தடைக்கும் விடையாக வந்தவை அல்ல.

பதிவு 3: பறையொலி

நான் தாளக்கருவி வாசிப்பவன். வரலாற்றை உங்கள் இருவரிடமும் விட்டுவிடுகிறேன். இடையில் வந்த மூங்கிலை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள் என்பதுதான் என் குறை. தம்பூ பம்பூ என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுவில் வெவ்வேறு அளவு மூங்கில்கள் வெவ்வேறு வேலை செய்தன. பூம் எனப்பட்ட நீண்ட, பருத்த குழாயைத் தரையில் இடித்து அடிநாதம் எழுப்பினர். ஃபூலே எனப்பட்ட இரண்டு குட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று முட்டி நடுக்குரலைத் தந்தனர். கட்டர் எனப்பட்ட மெல்லிய குழாயைத் தோளில் சாய்த்து, கடினமான குச்சியால் அடித்து, வேகமான சொற்கட்டுகளை வாசித்தனர். இவற்றோடு புட்டியும் கரண்டியும் சேரும். தோல் முரசுக் குழுவில் அடிநாதம், நடுக்குரல், வெட்டுத்தாளம் என்றிருந்த வேலைப் பங்கீடு அப்படியே மூங்கிலுக்கு மாறியிருப்பதைத் தாளம் தெரிந்த எவரும் கண்டுகொள்வர்.

ஆகவே, தடை எதை உருவாக்கியது என்பதைக் காட்டிலும் எதை அழிக்க முடியவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கருவி மாறிக்கொண்டே போயிற்று. கருவிகளுக்குள் இருந்த உறவு மாறவில்லை. ஓங்கி இடித்த மூங்கில் ஊர்வலத்தின் நடுவே பிளந்துபோகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தகரத்தைக் கையில் எடுக்க அது ஒன்றே போதிய காரணம் அல்லவா?

பதிவு 4: கரும்பாலை

பழங்கணக்கு ஐயா கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். தோல் முரசு ஏன் தெருவிலிருந்து போயிற்று என்பதற்குத்தான் தடை விளக்கம் தரும். இரும்பு ஏன் வந்தது என்பதற்கு எண்ணெயும் போரும் காரணம். பேரப்பிள்ளை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் போரும் ஒரு தடையைக் கொண்டுவந்தது. 1942 முதல் 1945 வரை கார்னிவல் நிறுத்தப்பட்டிருந்தது. லாவன்டில் போன்ற குன்றுப்புறக் குடியிருப்புகளின் இளைஞர்கள் கொல்லைப்புறங்களில் பீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அதுவே. 1945இல் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்ததும் அவர்கள் அந்தக் கருவிகளோடு தெருவில் இறங்கினர். ஊர் கேட்டது பழைய ஓசையாக இல்லை.

கருவி செய்யும் முறையைப் பறையொலி அவர்களுக்காகச் சொல்கிறேன். பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் சிறிது சிறிதாக அடித்துக் கிண்ணம் போலக் குழிவாக்குவர். சுரங்களுக்கான இடங்களைக் குறித்து, அவற்றின் எல்லைகளைத் தட்டிப் பள்ளமாக்கி, பீப்பாயின் பக்கத்தைத் தேவைக்கேற்ப வெட்டி, நெருப்பில் காய்ச்சுவர். அதன்பின் ஒவ்வொரு சுரத்தையும் சிறு சுத்தியலால் மேலும் கீழும் தட்டிச் சுருதி சேர்ப்பர். உச்சக்குரல் பேனின் பக்கத்தைக் குட்டையாக வெட்டுவர். மந்தரக்குரலுக்கு முழுப் பீப்பாய்களே வேண்டும், ஒருவர் பல பீப்பாய்களை நடுவில் நின்று வாசிப்பார். குழிவாக்கும் முறைக்கு எல்லி மானெட்டின் பெயரையும், சுரங்களைச் சிலந்தி வலை போல வட்டத்தில் நான்காம், ஐந்தாம் சுர உறவில் அமைத்த முறைக்கு அந்தோணி வில்லியம்ஸின் பெயரையும் சொல்வர். வின்ஸ்டன் ஸ்பிரீ சைமன், நெவில் ஜூல்ஸ், பெர்ட்டி மார்ஷல் ஆகியோரின் பெயர்களும் அந்த வரிசையில் வரும். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஒரே நேரத்தில் பல கொல்லைகளில் நடந்த வேலைக்கு ஒரு தந்தையைத் தேடினால் அப்படித்தான் ஆகும்.

1951இல் பிரிட்டன் பெருவிழாவுக்காக லண்டன் சென்ற டாஸ்போ என்ற பேன் குழு அங்கே வாசித்தபோதுதான், சொந்த ஊரில் ரவுடிகள் என்று ஏசப்பட்டவர்களின் கருவிக்கு வெளியுலக மதிப்பு கிடைத்தது. 1963இல் பேன் குழுக்களுக்கான பனோரமா போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு வென்றது வில்லியம்ஸின் குழுவே. 1992இல் பேன் நாட்டின் தேசியக் கருவியாயிற்று.

பதிவு 5: மேற்குக்கரை

நான் பணியின் பொருட்டு நான்கு ஆண்டுகள் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வாழ்ந்தவள். மூவரும் ஓசையைப் பற்றியே பேசுகிறீர்கள். வேடங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் கார்னிவலில் வேடமிட்டுக் கலந்துகொள்வதை, மாஸ் ஆடுவது என்பார்கள். பார்க்கப் போனேன் என்று சொல்பவரை இரக்கத்தோடுதான் நோக்குவார்கள்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய திங்களன்று, விடிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் ஜூவே தொடங்கும். பகல் திறக்கிறது என்ற பிரெஞ்சுச் சொல்லே தேய்ந்து இப்படி ஆயிற்று. முதல் ஆண்டு என் பக்கத்து வீட்டுப் பாட்டி, "உன்னிடம் இருப்பதிலேயே நைந்த உடையைப் போட்டுக்கொள், அதைத் திரும்பப் பார்க்கலாம் என்று எண்ணாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். சேறு, சாயம், எண்ணெய், சில குழுக்களில் சாக்லேட்டுக் குழம்பு என்று எது கிடைத்தாலும் பூசிக்கொள்கிறார்கள். அரை மணி நேரத்தில் என் தோலின் நிறமே எனக்குத் தெரியவில்லை. அருகில் ஆடியவர் வங்கி மேலாளரா, மீன் விற்பவரா என்பதும் தெரியவில்லை. கிழக்கு வெளுக்கும்போது, சேறு காய்ந்து வெடித்த முகங்களோடு ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் மெதுவாக அசைந்துகொண்டு போவதைக் கண்டேன். அப்போது ஆரவாரம் அடங்கி, கால்களின் தேய்ப்பொலியும் இரும்பின் ஓசையும் மட்டுமே கேட்டன. கார்னிவலின் ஆன்மா எது என்று கேட்டால் நான் அந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

பழைய வேடங்களில் எனக்குப் பிடித்தவன் நள்ளிரவுக் கொள்ளையன். குடை அளவு விளிம்புள்ள தொப்பி, அதன் ஓரமெல்லாம் குஞ்சம், மண்டையோடு தீட்டிய மேலங்கி, வாயில் ஊதல், கையில் சவப்பெட்டி வடிவத்தில் ஓர் உண்டியல் ஆகியவற்றோடு வழியை மறிப்பான். தான் பிறந்தபோது சூரியன் அஞ்சி ஒளிந்ததாகவும், மூன்று வயதில் ஓர் ஆற்றைக் குடித்து வற்றவைத்ததாகவும் மூச்சு விடாமல் அளப்பான். காசு போட்டால்தான் வழிவிடுவான். கந்தல் துணிகளால் உடல் முழுதும் மூடிய பியரோ கிரெனேட் தன்னைப் பெரும் பண்டிதனாகக் காட்டிக்கொண்டு, நீண்ட சொல் ஒன்றை எடுத்து, அசைக்கு ஒரு கதை என்று கட்டி எழுத்துக் கூட்டுவான். அந்தக் கதைகளுக்குள் ஊர் அமைச்சர் முதல் தெருக் கடைக்காரர் வரை அகப்படுவர். பொம்மைக் குழந்தையை ஏந்திவரும் பேபி டால், வழியில் போகும் கண்ணியவான் ஒருவரைப் பிடித்து, "இது உன் பிள்ளை, பாலுக்குப் பணம் கொடு" என்று கூவுவாள். டேம் லோரெய்ன், மார்பிலும் பின்புறத்திலும் தலையணைகளைத் திணித்துக்கொண்டு பிரெஞ்சு முதலாளியின் மனைவியைப் போல அசைந்து வருவாள். திங்கள் மாலை பாரமின் மலைக்கிராமத்தில் நீலப் பிசாசுகள் நெருப்பை ஊதிக்கொண்டு இறங்கும். பின்னணியில் பிஸ்கட் டின் ஓயாது அடிபடும். பிசாசுக்குக் காசு கொடுக்காதவர் சட்டையில் நீலம் ஒட்டும்.

இவற்றில் பெரும்பாலானவை பேசும் வேடங்கள் என்பதைக் கவனியுங்கள். ஆடுவதற்கு உடல் போதும். கொள்ளையனாக நிற்க நாக்கும் வேண்டும்.

பதிவு 6: புதுவாசகன்

அருமையான இழை. மேற்குக்கரை அம்மையாரிடம் ஓர் ஐயம். அங்கே இடுப்பில் கழுதை உருவைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். நம் பொய்க்கால் குதிரையை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. உயரமான கட்டைகளில் நடக்கும் மோக்கோ ஜம்பியோ நம் கொக்கலிக்கட்டை. தமிழர்கள் அங்கே கூலிகளாகப் போனார்களே, இவை அவர்கள் கொண்டுசென்றவையா?

பதிவு 7: பழங்கணக்கு

ஆசை புரிகிறது, ஆனால் அவசரப்பட வேண்டாம். மோக்கோ ஜம்பி மேற்கு ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்தது. கட்டையில் ஏறி நடக்கும் கலை உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியது. நீங்கள் கண்ட கழுதை ஆட்டம் பர்ரோக்கீட். அதன் பெயரே ஸ்பானிய மொழியில் கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வெனிசுவேலாவிலும் அது உண்டு. அதனோடு ஒத்த குதிரை ஆட்டம் ஒன்று டிரினிடாட்டின் இந்தியரிடையே சுமாரி என்ற பெயரில் இருந்ததும் உண்மைதான். இரண்டும் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டன என்று சொல்லலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லச் சான்று வேண்டும்.

இந்தியர் பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கார்னிவல் வரலாறுகளில் அது ஓர் அடிக்குறிப்பாகவே வருகிறது. ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் 1845ஆம் ஆண்டு மே 30 அன்று தீவை அடைந்தது. அம்முறை 1917இல் முடியும்வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியே வந்த போஜ்புரி பேசுவோர். சென்னைத் துறைமுகம் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். மதராசி என்ற பெயரும் காளி வழிபாடும் அவர்களின் தடங்களாக நிற்கின்றன. கார்னிவலில் இந்தியச் சாயல் என்று காண்பவை பெரும்பாலும் வடக்கின் கொடை. அதைத் தமிழாக்க வேண்டிய தேவை இல்லை.

கரும்பாலை குறிப்பிட்ட அதே 1884இல், அக்டோபர் மாதம், முஹர்ரத்தை ஒட்டிய ஹோசே ஊர்வலத்தைச் சான் பெர்னாண்டோ நகருக்குள் நுழையக் கூடாது என்று அரசு தடுத்தது. மீறி வந்த தோட்டத் தொழிலாளர்கள்மீது சுட்டதில் பலர் மாண்டனர். ஊர்வலத்தினரில் இந்துக்களும் இருந்தனர். ஆப்பிரிக்க வழியினரும் கலந்துகொள்வது வழக்கம். ஒரே ஆண்டில் ஒரே அரசு இரண்டு மக்களின் முரசுகளுக்கும் அஞ்சியது. இதைச் சொல்லாமல் தடையைப் பற்றிப் பேசுவது பாதிக் கணக்கு.

பின்னர் நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. பிரின்சஸ் டவுன் வட்டாரத்தின் லெங்குவா கிராமத்தில், இந்தியக் குடும்பங்களின் நடுவே வளர்ந்த ஆப்பிரிக்க வழியினரான லார்ட் ஷார்ட்டி, 1970களின் தொடக்கத்தில் தீவின் பாட்டு வகையான கலிப்சோவுக்குள் டோலக் முரசையும் தந்தால் என்னும் இரும்புக் கோல் தாளக்கருவியையும் கொண்டுவந்தார். கலிப்சோவைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு சாராரும், இந்திய இசையைக் கேலி செய்கிறார் என்று இன்னொரு சாராரும் ஏசினர். இன்று கார்னிவல் தெருக்களை ஆளும் சோகா இசை அங்கே பிறந்தது. தொடக்கத்தில் அப்பெயரின் இறுதியசையை இந்தி எழுத்தான 'க'வைக் கருதியே அவர் எழுதினார். 1980களின் இறுதியில் துருபதி ராம்கூனாய் இந்தியப் பாட்டு கலந்த சட்னி சோகா பாட வந்தபோது, இந்தியப் பெண் கார்னிவல் மேடையில் நிற்பதா என்று சமூகப் பெரியோர் கொதித்தனர். தடை போடுபவர் எப்போதும் வெள்ளைக்காரராகவே இருப்பதில்லை.

பதிவு 8: பறையொலி

இதோடு ஜித் சமாரூவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோப்பினோ பள்ளத்தாக்கில் பிறந்த இந்திய வழியினர். ரெனகேட்ஸ் பேன் குழுவுக்கு இசையமைத்து 1982 முதல் 1997 வரை ஒன்பது முறை பனோரமாவை வென்றுகொடுத்தார். நூறு பேருக்கு மேல், குறிப்புத்தாள் இல்லாமல், காதால் கேட்டுக் கையால் மனப்பாடம் செய்து, ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓர் அசைவும் பிசகாமல் வாசிப்பார்கள். அந்த வேகத்தில் சுரங்களை இவ்வளவு நெருக்கமாக அடுக்கிய இன்னொருவரை நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒரே காலப்பிரமாணத்தில் நிறுத்த நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

பதிவு 9: கரும்பாலை

துருபதியைப் பற்றிய குறிப்பு என் வாதத்தை ஒரு வகையில் வலுப்படுத்தவே செய்கிறது. பாட்டுக்கும் இதே கதைதான். கம்புச் சண்டையில் வீரனுக்கு உரமேற்றப் பாடிய சாண்ட்வெல் என்ற முன்பாட்டுக்காரரே கலிப்சோ பாடகரின் முன்னோர். 1934ஆம் ஆண்டின் அரங்குச் சட்டத்தின்படி மேடைப் பாடல்களை முன்கூட்டியே அரசிடம் காட்ட வேண்டும் என்றாயிற்று. அதனால் பாடகர்கள் இரட்டுற மொழிதலில் வல்லவர்களானார்கள். நம் காளமேகத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சுவையை விளக்க வேண்டியதில்லை. 1957இல், அழகுராணிப் போட்டிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் கலிப்சோக்காரருக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பாடகர் மைட்டி ஸ்பாரோ கலிப்சோப் போட்டியையே புறக்கணித்தார். 1978இல் கலிப்சோ ரோஸ் என்ற பெண் வென்றபோது, அதுவரை கலிப்சோ அரசர் என்றிருந்த பட்டத்தையே மாற்றி, இருபாலருக்கும் பொதுவான பெயரைச் சூட்ட வேண்டியதாயிற்று.

பதிவு 10: மேற்குக்கரை

கரும்பாலை அவர்களே, உங்கள் தடைக் கணக்கில் இன்றைய தடை ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள்: கயிறு. பெரிய குழுக்களைச் சுற்றி, கைப்பட்டை அணிந்த காவலர்கள் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பல நூறு அமெரிக்க டாலர் கட்டியவர்கள் உள்ளே. தெருவில் பிறந்தவர்கள் வெளியே. உள்ளே உணவு, குடிவகை, நடமாடும் கழிப்பறை எல்லாம் உண்டு. உடையோ, கச்சும் பாசிமணியும் இறகும் சேர்ந்த ஒரே அச்சு. அதன் உறுப்புகளில் பலவும் சீனாவிலிருந்து பெட்டியில் வருகின்றன. முன்பெல்லாம் கார்னிவலுக்கு முந்தைய மாதங்களில் மாஸ் கேம்ப் எனப்படும் பட்டறைகளில் அக்கம்பக்கத்தார் இரவெல்லாம் கம்பி வளைத்து, பசை தடவி, உடை செய்வார்களாம். பாட்டி அதைச் சொல்லும்போது, உடையைக் காட்டிலும் அந்த இரவுகளின் அரட்டையைத்தான் அதிகம் சொல்வார்.

மாஸ் வடிவமைப்பாளர் பீட்டர் மின்ஷால் போன்ற ஒருவர் மீண்டும் வருவாரா என்று அங்கே பலரும் ஏங்குகிறார்கள். 1983இல் அவர் ஆறு என்ற பொருளில் ஒரு மாஸை அமைத்தார். வெள்ளுடை அணிந்த பெருங்கூட்டம் நீண்ட வெண்துணி விதானத்தின் கீழ் ஆறாக நகர்ந்தது. தொழிலாசை பிடித்த நண்டு மனிதன் வெண்ணிறச் சலவைக்காரியை வீழ்த்த, இரண்டாம் நாள் அந்த வெண்மை முழுவதும் சாயத்தால் கறைபட்டது. தெருவில் நடக்கும் வேடத்தால் ஒரு சோக நாடகத்தையே சொல்ல முடிந்தது என்பதற்கு அதுவே சான்று. பின்னாளில் பார்சிலோனா, அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாக்களின் வடிவமைப்பிலும் அவர் பங்கேற்றார்.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் ஆண்டு கயிற்றுக்குள்தான் ஆடினேன். தனியே வந்த பெண்ணுக்கு அந்தக் கயிறு பாதுகாப்பாக இருந்தது. குழுக்களில் பெரும்பாலோர் பெண்களே. அவர்களுள் அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் குரல் உயர்த்தாத, ஐம்பதைக் கடந்த என் சக பணியாளர் ஒருவரும் இருந்தார்; பச்சை இறகு கட்டி, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், தன் மகிழ்ச்சிக்காகவே ஆடிக்கொண்டிருந்தார். இறகும் பாசியும் வெற்றுப் பகட்டு என்று பேராசிரியர்கள் எழுதும்போதெல்லாம் அவர் முகம் என் நினைவுக்கு வருகிறது.

பதிவு 11: பழங்கணக்கு

அம்மையாரின் கடைசிப் பத்திக்காகவே இந்த இழையைச் சேமித்துவைத்தேன். கார்னிவல் கெட்டுவிட்டது என்ற புலம்பல் கார்னிவல் அளவுக்கே பழையது. 1860களிலும் 70களிலும் அடித்தட்டுப் பெண்களின் ஆட்டத்தைக் கண்டு செய்தித்தாள்கள் இதே சொற்களில்தான் சபித்தன. ஜமெட் கார்னிவல் என்று இழிவாகப் பெயரிட்டதும் அப்போதுதான். 1972இல் இளம்பிள்ளைவாதம் பரவியதால் விழாவை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மழையில் நனைந்து சாயம் ஒழுக ஆடினார்கள். கொரோனாவால் 2021இல் விழா இல்லை. அடுத்த ஆண்டு அரங்குகளுக்குள் மட்டும் நடந்தது. 2023இல்தான் தெரு ஊர்வலம் திரும்பியது. இத்தனைக்கும் அந்தத் திங்களும் செவ்வாயும் அரசு விடுமுறை நாள்களே அல்ல. கடைகளும் அலுவலகங்களும் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன.

கயிற்றைப் பற்றி மட்டும் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். பேக்கர் கம்பைப் பறித்தார். கயிறு தெருவையே பறிக்கிறது.

பதிவு 12: புதுவாசகன்

பொய்க்கால் குதிரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு டொராண்டோவிலிருந்து நேரில் போகலாம் என்று எண்ணுகிறேன். அவ்வளவு பணம் செலவழித்துக் கயிற்றுக்குள் நுழைய என்னால் இயலாது. வேறு வழி உண்டா?

பதிவு 13: மேற்குக்கரை

தாராளமாக உண்டு. கார்னிவலுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே போய்விடுங்கள். மாலை இருட்டிய பிறகு டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் பேன் முற்றமும், சார்லட் தெருவில் ரெனகேட்ஸ் முற்றமும் திறந்திருக்கும். பயிற்சியைக் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. ஒரே எட்டுச் சுரங்களை நாற்பது முறை வாசிப்பார்கள். சலிப்படையாதீர்கள், நாற்பத்தோராவது முறை திடீரென்று முழுப் பாட்டும் சேர்ந்து எழும். வாசலில் டபுள்ஸ் என்னும் கொண்டைக்கடலைத் தின்பண்டம் விற்பார்கள். மிளகாய் குறைவாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்னிவல் வெள்ளியன்று விடியற்காலை 1881ஆம் ஆண்டுச் சண்டையை நாடகமாக நடிப்பார்கள். கரும்பாலை அவர்களுக்காக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். திங்கள் விடியலில் சிறு ஜூவே குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டால் செலவு மிகவும் குறைவு. பழைய செருப்பு எடுத்துச் செல்லுங்கள், சேற்றோடு போய்விடும்.

செவ்வாய் நள்ளிரவில், லாஸ் லாப் என்னும் கடைசிச் சுற்று முடிந்து இசை நின்றுவிடும். மறுநாள் காலை அருகிலுள்ள தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நிற்பவர்களின் கழுத்திலும் காது மடலிலும் மினுக்குத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் எனக்கு அது போக ஒரு வாரம் ஆயிற்று.